பட்டாணி நீந்திய உயரம்

கையிலிருந்து நழுவிய வாத்துக்குஞ்சு கீழே விழவில்லை.

அதன் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டுவதற்காக அம்மாவின் பழைய பாவாடை நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் குஞ்சும் மறு கையில் கத்தரிக்கோலுமாக எங்கள் வீட்டு நடுவில் நின்றிருந்தேன், அது ஒரு உதறு உதறியது, வழுக்கியது, சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழப்போகிறது, மிச்சமிருக்கிற ஒரு காலும் போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் என் நெஞ்சு உயரத்தில், சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேரே, காற்றில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பதும் தப்பு. மிதந்தது. கோணல் கால் பக்கவாட்டில் விரிந்து கிடக்க, நல்ல கால் மட்டும் அடிக்க, ஒரே பக்கமாக வட்டம் போட்டபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கத்தரிக்கோலக் கீழ வையிடா, கண்ணுல குத்திராம" என்றாள். பிறகு கரண்டியைக் கிண்டிக்கொண்டே, "தண்ணி இன்னமும் அங்கனதான் நிக்குது போல" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தியதற்குக் காரணம் உண்டு. எங்கள் தங்கச்சாமி நகரில் தண்ணி லாரியைப் பற்றி நாள் பூராவும் பேசலாம், சண்டை போடலாம், குடத்தால் மண்டையை உடைக்கலாம், ஆனால் நாங்கள் எதன் மேல் குடியிருக்கிறோம் என்று மட்டும் பேசக் கூடாது. மதுரையிலிருந்து வந்து ரிங் ரோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் வரும் அந்த இடம் முந்தி ஒத்தப்பனைக் கண்மாய். மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷங்களில் தங்கச்சாமி என்று ஒரு ஆள் கல் ஊன்றி, தெருத் தெருவாகப் பிரித்து, பிளாட் போட்டு விற்றார். வாங்கினவர்கள் எல்லாரும் தெரிந்துதான் வாங்கினார்கள், வாங்கின அன்றைக்கே எல்லாரும் மறந்துபோனார்கள். கண்மாய் என்று வாய்தவறிச் சொல்லும் பிள்ளைக்கு வாயிலேயே அடி விழும். பள்ளம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் நாலைந்து தடவை வாங்கியிருக்கிறேன்.

வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடும். எங்கள் அப்பா ராசாங்கம் ஒயரிங் வேலை பார்ப்பவர், நகரில் பாதி வீட்டுக்கு மேல் அவர் இழுத்த ஒயர்தான். வீடு கட்டிய ஒவ்வொருவரும் அவரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, "ராசாங்கம், சுவிட்சுப் பெட்டியக் கொஞ்சம் ஏத்தி வச்சிரு" என்பார்கள். எவ்வளவு என்று அப்பா கேட்க மாட்டார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார், அவர்கள் தலையாட்டுவார்கள். ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. இப்படியே சுவிட்சு, பிளக், சாமி படம், பிள்ளைகளின் மார்க் ஷீட்டு எல்லாம் எங்கள் நாலாவது தெருவில் நெஞ்சுக்கு மேலேயே குடியிருந்தன. ஏழாவது தெரு இன்னும் பள்ளம் என்பதால் அங்கே ஸ்டூல் போட்டு ஏறித்தான் லைட்டைப் போடணும். நான் பத்தாவதோடு நின்றவன். ஃபெயிலாகவில்லை, வீட்டில் கஷ்டம் என்று கதையும் விடமாட்டேன். பிடிக்கவில்லை, நின்றேன். அதற்கப்புறம் அப்பாவுக்கு முன்னால் போய்ச் சுவரில் உளியை வைத்து ஒயர் போகிற காடி எடுப்பது என் வேலை. அதனால் அந்த உயரம் எனக்குத் தெரியும். குஞ்சு மிதந்தது எங்கள் சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு சாண் கீழே.

இப்போது நாங்கள் இருக்கும் குடியிருப்பில், மூணாவது மாடியில், பிளக் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. குழாயில் தண்ணி வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செல்லுக்குச் சார்ஜ் போடப் போனால் என் கை முதலில் கழுத்து உயரத்துக்குத்தான் போகிறது, அந்த இடத்தைத் தடவுகிறது, வெறும் சுவர்.

ஆமாம், நகர் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். வாத்தால்தான் போச்சு என்று ஒரு கூட்டம், எப்படியும் போயிருக்கும் என்று ஒரு கூட்டம், எங்கள் பிளாக்குக்குக் கீழே இன்றைக்கும் சண்டை நடக்கும். நான் ரெண்டிலும் சேர மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

குஞ்சு எங்களுடையது இல்லை. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த மும்தாஜ் அக்காவின் மகள் ரிஸ்வானா, கூடையில் வைத்து விற்றுக்கொண்டு வந்தவனிடம் அடம்பிடித்து வாங்கியது. ரோஸ் கலர் சாயம் போட்ட குஞ்சு. பட்டாணி என்று பேர் வைத்தாள். அவர்கள் வீட்டில் அப்போதுதான் புது டைல்ஸ் போட்டிருந்தார்கள், முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு, குஞ்சு அதில் எழுந்து நிற்கப் பார்க்கும், வழுக்கும், மறுபடி எழும், மறுபடி வழுக்கும், வழுக்கி வழுக்கி இடது கால் இடுப்போடு வெளியே விரிந்து தவளைக் கால் மாதிரி ஆகிவிட்டது. ஃபேன் மாட்டுவதற்கு நானும் அப்பாவும் மாடிக்குப் போனபோது மும்தாஜ் அக்கா அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, "தம்பி, போகும்போது ரிங் ரோட்டுக்கு அங்கிட்டு விட்டுர்றியா? அது இழுத்துக்கிட்டுக் கெடக்குறத என்னால பாக்க முடியல" என்றாள். ரிஸ்வானா கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். நான் குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரக்கம் எல்லாம் இல்லை. ஒரு சாமான் சரியில்லை என்றால் தூக்கிப்போடுவதற்கு முன்னால் ஒருதடவை கழற்றிப் பார்க்கணும், அது அப்பாவிடம் படித்தது.

மறுநாள் கையில் ஏந்திக்கொண்டு ரிங் ரோடு வரை நடந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். ரிங் ரோட்டைத் தாண்டியதும் அது கத்த ஆரம்பித்தது. ஆட்டோவில் இருந்த எல்லாரும் என்னை ஏதோ குழந்தையைக் கிள்ளினவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் வீடா?" என்றார்.

"ஆமா சார்."

"ரெண்டு காலையும் ஒட்டிக் கட்டிராத. நடக்குற அகலத்துக்கு விட்டுக் கட்டு. தவிட்டுல கொஞ்சம் ஈஸ்ட் கலந்து குடு. முக்கியமா தண்ணியில விடு. பாரம் ஊணாம அடிச்சாத்தான் கால் கூடும். அதுக்கு முன்னாடி தரையில போட்டா ஆயுசுக்கும் நொண்டிதான்."

"எங்க ஏரியால தண்ணி இல்ல சார்."

"அப்பக் கஷ்டம்."

"ஆனா இருக்கு சார்."

"ஏண்டா, இருக்கா இல்லையா?"

குஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது பட்டாணிக்குக் கத்தவும் தெம்பில்லை, கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டது, செத்துப்போச்சு என்றே நினைத்தேன். ரேஷன் கடையைத் தாண்டி நகருக்குள் இறங்கி, நாலாவது தெருவுக்கு வந்து, என் நெஞ்சுக்கு நேரே வைத்துக் கையை எடுத்தேன். ஒரு முங்கு முங்கி எழுந்தது. கண்ணைத் திறந்தது. அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை, அதுபாட்டுக்குத் தெருவில் போனது.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போனது. விடிந்ததும் எங்கள் வாசல் வழியாக வெளியே வந்து, நாலாவது தெருவில் பெரியவர்களின் நெஞ்சுக்கு நேரே நீந்தி, சைக்கிளில் வருகிறவர்கள் குனிந்து வழிவிட, பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படிக்கிறவர்களின் தலைக்கு மேலே நிதானமாகக் கடந்து, ஆறாவது தெருவில் ஜன்னல் வழியாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து சமையலறை வழியாக வெளியேறி, ஏழாவது தெருவுக்குப் போனால் பள்ளம் அதிகம் என்பதால் அங்கே மாடிப்படியின் பாதி உயரத்தில் போகும், தெருக்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தொடுகிற தூரத்தில் பார்ப்பார்கள். அங்கங்கே தலையைக் கீழே விட்டு எதையோ பிடித்துத் தின்னும். என்னத்தைத் தின்றது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் குஞ்சுக்கு எடை ஏறியது, சாயம் போய் மஞ்சள் தெரிந்தது.

முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் பாதிக் கூட்டம். அதற்கப்புறம் கொடிக்கயிற்றை ஒரு முழம் ஏற்றிக் கட்டினார்கள், டீக்கடையில் பன் பாக்கெட்டைக் கொக்கியோடு உயர்த்தி மாட்டினார்கள், அவ்வளவுதான். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் மட்டும் தொட்டில் சேலையை இழுத்து முடிச்சுப் போட்டு வாத்து மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். நமக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும்டா, பிள்ள மூச்சு முட்டுற மாதிரி ஒரு நெனப்பு" என்றார்கள். பொடிசுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாத்துக்கு அடியில் ஓடி அந்தப் பக்கம் வந்து 'ஹா' என்று மூச்சு விட்டார்கள். ஏழாவது தெரு பால்காரர் கண்ணுச்சாமி மாடிப்படியில் உட்கார்ந்து தூண்டில் போட ஆரம்பித்தார். ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் முள்ளில் குத்திய புழு மட்டும் தினமும் காணாமல் போனது, அதனால் அவர் விடவில்லை.

டீக்கடையில் பேச்சே மாறிப்போனது.

"எங்க வீட்டுல அடுப்பு முங்கிரும்யா."

"அடுப்பா? எங்க வீட்டுல டிவி முங்கிரும்."

"ஏழாவது தெருவுக்கு வா மாப்ள. எங்க வீட்டுல எங்க அப்பத்தா போட்டோவே முங்கிரும். அது உசுரோட இருக்கும்போதே தண்ணின்னா பயப்படும்."

இத்தனை வருஷம் பொத்திவைத்த வாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. கண்மாய், கண்மாய் என்று அப்போதுதான் ஜனங்கள் சத்தமாகச் சொல்லக் கேட்டேன். இங்கேதான் எருமை குளிப்பாட்டினோம் என்று ஒருவர் தன் பாத்ரூமைக் காட்டினார். எங்கள் நகர் நலச் சங்கத்துச் செயலாளர் இன்பராஜ் சார் ரிட்டயர்டு கண்டக்டர், பேண்ட் பையில் இன்னமும் விசில் வைத்திருப்பவர், எதற்கெடுத்தாலும் "கண்மாயா? எங்க இருந்துச்சு? யாரு பாத்தா?" என்று கேட்டு எங்கள் எல்லாருக்கும் அதையே பழக்கிவிட்டவர். ஒரு சாயங்காலம் பட்டாணி அவர் நெஞ்சை உரசிக்கொண்டு போனபோது அவரையறியாமல் விசிலை எடுத்து ஊதி, "ஒத்தப்பனைக் கண்மாய்க்கரை எல்லாம் எறங்கு!" என்று கத்திவிட்டார். முப்பது வருஷம் அந்த ஸ்டாப்பைக் கூவின ஆள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், இப்போது அடுத்த பிளாக்கில் இருக்கிறார், எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு மறக்கவில்லை.

ராத்திரியானால் நாடாவின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன், படகைக் கட்டுகிற மாதிரி. நாங்கள் மூன்று பேரும் தரையில் பாய் விரித்து அதற்குக் கீழே படுப்போம். வாத்தை அடியிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மீன் பார்த்திருக்கும். காலில் என்ன முன்னேற்றம் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மல்லாந்து கிடந்தால் தூக்கத்திலும் நல்ல கால் லேசாக அடிப்பது தெரியும், கோணல் கால் சும்மா தொங்கும். கொஞ்ச நாளில் அந்தக் காலின் விரல் மடங்கி விரிந்தது. அப்புறம் கணுக்கால். "அப்பா, ஆடுதுப்பா" என்று எழுப்பினேன். அப்பா பார்ப்பதற்காக நகர்ந்து வந்தார், எச்சம் நேராக அவர் நெற்றியில் விழுந்தது. "வயிறும் நல்லா வேலை செய்யுது" என்று துடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

ஒருநாள் மத்தியானம் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்ததை மறந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் டெஸ்டர் தேடக் குனிந்தேன். தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் என் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சேறும் அல்லித் தண்டும் கலந்த வாடை. பையில் பட்டாணி அலகைத் திறந்தபடி கிடந்தது, மூச்சில்லை. தலைகீழாகப் பிடித்து உதறினேன், முதுகைத் தேய்த்தேன், அம்மா "ஊதுடா, ஊதுடா" என்று கத்தினாள், அலகைப் பிரித்து வாயை வைத்து ஊதினேன். ஒரு மடக்குத் தண்ணி வெளியே வந்தது. பிறகு இருமியது. தெருவுக்கே விஷயம் தெரிந்துபோனது. எங்களுக்கெல்லாம் அந்தத் தண்ணி இல்லை. அதற்கு மட்டும் இருக்கிறது. மட்டத்துக்குக் கீழே போனால் அது முழுகும். இதை எல்லாரும் தெரிந்துகொண்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

அந்த வாரம்தான் சேதி வந்தது. பட்டா கொடுப்பதற்கு அளக்க வருகிறார்கள். எங்கள் நகரில் யாருக்கும் பட்டா கிடையாது. வந்துவிட்டால் இனி ஒருத்தனும் எங்களைக் கிளப்ப முடியாது. கண்மாய் என்று எழுதிவிட்டால் வீடு தரைமட்டம்.

தண்ணித்தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். பட்டாணி எல்லார் தலைக்கு நடுவிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதோ பாருங்க" என்றார் இன்பராஜ் சார், "சர்வேயர் வாரப்ப இது இப்பிடி நீந்திக்கிட்டுத் திரிஞ்சா, அவரு அளக்கவே வேணாம். எழுதிட்டுப் போயிருவாரு."

"வெளியூருக்குக் கொண்டுபோயிரலாம்ல?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ட்டு வந்ததுக்கே செத்துப் பொழைச்சுச்சு" என்றேன்.

"நான் மாடியில வச்சுக்கிறேன்ணே" என்றாள் மும்தாஜ் அக்கா. "சாக்கு விரிச்சு வைக்கிறேன். இப்பத்தான் காலை அசைக்குது, பாவம்."

"மாடியில தண்ணி ஏது? தண்ணியவிட்டு எடுத்தா அது கத்துற கத்துக்குச் சர்வேயர் என்ன, கலெக்டரே ஏறி வந்து பாப்பாரு" என்றார் அவள் வீட்டுக்காரர். "எந்த வீட்டுல இருக்கோ அந்த வீடுதான் மொதல்ல போகும். நம்ம வீடு வேணாம்."

வேறு யார் வீட்டு அறையிலாவது விட்டுக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். கோடை முழுக்க அதற்குத் தவிடு கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினவர்கள்தான். எங்கள் வீடு ஒரே அறை, தெரு முனையில் முதல் வீடு, அளக்கிறதே அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்பராஜ் சார் என் தோளில் கையை வைத்தார். "சோணை, ஒண்ணும் இல்லடா. சாக்குல போட்டு, ஒரு செங்கலையும் சேத்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில வச்சிரு. மெதக்காது. அளந்து முடிக்கிற வரைக்கும்தான்."

"செத்துப்போகும் சார்."

"கொஞ்ச நேரந்தானடா."

"செத்துப்போகும்னு சொல்லுங்க. அதைச் சொல்லிட்டு வைக்கச் சொல்லுங்க."

 கண்ணுச்சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அப்பாதான் கடைசியில் வாயைத் திறந்தார். "செய்வான். நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவோடு சேர்ந்து நடக்காமல் முன்னால் போனேன். பின்னாலிருந்து கேட்டார், "வீடு போனா எங்கடா போறது?"

"தெரியலப்பா."

"தெரியலைல்ல. அப்பச் செய்யி." கொஞ்சம் நடந்து வந்து, "உங்கம்மா அந்த வீட்டுச் செவத்துக்கு மண்ணு சொமந்தவடா" என்றார். அது உண்மை. இல்லை என்று நான் சொல்லவில்லை.

அளக்க வந்த அன்று விடிகாலையில் பட்டாணியை ரேஷன் கடைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கேதான் தரை மேடாகி ரிங் ரோட்டோடு சேரும், தண்ணி மட்டம் கணுக்காலுக்கு வந்து, விரலுக்கு வந்து, முடிந்துபோகும். நகரிலேயே அது கரையேறக்கூடிய ஒரே இடம். காலிலிருந்து நாடாவை அவிழ்த்தேன். கரை ஓரத்தில் வந்து நின்றது. வலது காலை மண்ணில் வைத்தது. இடது காலைத் தூக்கி, யோசித்து, வைத்தது. கால் வெளியே ஓடவில்லை. உடம்பு நடுங்கியது, அலகை ஊன்றிக்கொண்டது, நின்றது. ஒரு எட்டுதான். உடனே பின்வாங்கித் தண்ணிக்குள் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாள் நீந்தினால் போதும் என்று தெரிந்தது. பார்ப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. கூப்பிட்டுக் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை, காட்டினால் சந்தோஷப்படுவார்கள், அதற்கப்புறமும் செங்கலைக் கட்டத்தான் சொல்வார்கள்.

சர்வேயர் பத்து மணிக்கு மேல் வந்தார். ஒல்லியான ஆள், கக்கத்தில் ஃபைல், பின்னால் அளக்கிற சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர். நகரே வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றது. கையில் சர்பத்தோடு இன்பராஜ் சார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். ரேஷன் கடையைத் தாண்டிச் சரிவில் இறங்கப்போனவர் நின்றார். குனிந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். பிறகு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, காய்ந்துபோன புழுதித் தெருவில் மெதுவாக நடந்து வந்தார். வர வர ஃபைல் கக்கத்திலிருந்து தோளுக்குப் போனது. நாலாவது தெருவுக்குத் திரும்பும்போது அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சங்கிலிக்காரர்களும் சங்கிலியைத் தலையில் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் சாதாரணமாக ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். வரிசையில் நின்ற ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இன்பராஜ் சாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் பேசிவைத்தபடி விசிலை எடுத்து ஊதினார். ஊதினால் நான் உள்ளே போகணும்.

போனேன். கட்டில் மேல் சாக்கு இருந்தது. பக்கத்தில் செங்கல், சிவப்பு ஒயரால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பிடிப்பதற்கு ஒரு வளையமும் விட்டு, அப்பா கை வேலை, எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். பட்டாணி ஜன்னல் பக்கமிருந்து என்னை நோக்கி வந்தது. வட்டம் போடவில்லை. இரண்டு காலும் அடிக்க, கோடு கிழித்த மாதிரி நேராக வந்து, என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, இடது காலை என் கட்டைவிரல் மேல் ஊன்றிக்கொண்டது. அந்தக் காலில் பிடி இருந்தது. வெளியே சர்வேயரின் குரல் கேட்டது, "எந்த வீட்டுலருந்து ஆரம்பிக்கலாம்?" என்று.

அப்பா வாசலில் முதுகு காட்டி நின்றபடி, திரும்பாமல், மெதுவாக, "கீழ வையிடா சோணை" என்றார். "சாக்குல போட்டுக் கீழ வையி."

இன்னொரு விசில் கேட்டது.

நான் வைக்கவில்லை.